உலையில் இடும் முன் எடுத்த பிடி

தமிழ் இல்லங்களில் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்த முறைகளின் வரலாறு பெரும்பாலும் பணத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. சேமிப்பு வங்கி எப்போது வந்தது, கூட்டுறவுச் சங்கம் எங்கே தொடங்கப்பட்டது, சீட்டுக்கு எந்த ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது என்ற வரிசையில் அது செல்கிறது. ஆனால் கூலியும் குத்தகையும் நெல்லாகவே கைமாறி, வண்ணாருக்கும் நாவிதருக்கும் தச்சருக்கும் உரிய ஆண்டுக் கூலி அறுவடைக் களத்திலேயே அளந்து கொடுக்கப்பட்ட ஊர்களில், ஒரு குடும்பத்தின் வரவுசெலவு தீர்மானமான இடம் பணப்பெட்டி அன்று, அரிசிப் பானையே ஆகும். அன்றைய சமையலுக்கான அரிசியை அளந்து முறத்தில் கொட்டி, கல் நீக்கி, உலையில் இடுவதற்கு முன்பாக அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து வேறொரு பானையில் போட்டுவைக்கும் வழக்கத்துக்குப் பிடியரிசி என்று பெயர். உண்டு மீந்ததைச் சேர்த்து வைப்பது வேறு, உண்பதற்கு முன்பே ஒரு பங்கை விலக்கி வைப்பது வேறு. தமிழ்நாட்டில் வேரூன்றி நிலைத்த சேமிப்பு முறைகளுள் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதும், அவற்றைத் தாங்கிய கை ஏறக்குறைய எப்போதும் பெண்ணின் கையாகவே இருந்தது என்பதும் இவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது தெளிவாகின்றன.

இந்தச் சிக்கனத்தின் முதற்கருவி அளவை. நெல்லையும் அரிசியையும் பருப்பையும் எடை போடாமல் பாத்திரத்தால் முகந்து அளந்தனர். அதனால் இதை முகத்தல் அளவை என்பர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது பரவலாக வழங்கிய வாய்பாடு. எனினும் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதால் பட்டணம் படி, சின்னப் படி என அடைமொழியிட்டே பேச வேண்டியிருந்தது. ஒன்றைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிச் செல்லும் இந்த வாய்பாடு, எழுத்தறியாத ஒரு பெண்ணும் வீட்டில் உள்ள தலைகளை எண்ணி அன்றைய செலவைத் துல்லியமாக வகுத்துக்கொள்ள உதவியது. படியின் விளிம்புக்கு மேல் நிற்பதைக் கையாலோ கோலாலோ வழித்துவிடுவது தலைதட்டி அளப்பது. விளிம்புக்கு மேல் குவிய விடுவது கோபுரமாக அளப்பது. கொடுக்கும்போது ஒன்றும் வாங்கும்போது மற்றொன்றும் கையாளப்பட்டதால் ஏழைக் குடும்பங்கள் இழந்தது கொஞ்சமன்று. அளப்பவர் முதல் படியை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று எண்ணித் தொடங்குவதும், அரிசி தீர்ந்துபோனதை ‘இல்லை’ என்னாமல் ‘நிறைந்திருக்கிறது’ என்று இல்லத்தரசி சொல்வதும், பானையை அடிவரை வழித்தெடுக்கக் கூடாது என்ற விலக்கும் வெறும் மங்கல வழக்கங்களாகக் கருதப்படுகின்றன. ஆனால் பானையின் அடியில் எப்போதும் சிறிது அரிசி நிற்க வேண்டும் என்ற விதியால், தீர்ந்துவிட்டதாகக் கருதப்பட்ட நாளிலும் ஒரு வேளைக் கஞ்சிக்கு வழி இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

முதலைத் தின்னாமல் அதன் பெருக்கத்தை மட்டும் செலவிடும் கணக்கு முறைக்குத் தமிழகத்தில் மிகத் தொன்மையான எழுத்துச் சான்று கோயில் கல்வெட்டுகளில் கிடைக்கிறது. சோழர் காலத்தில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டிருந்தார். இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. ஆடுகள் இறக்கவும் மூப்படையவும் செய்யும் என்றாலும், ஈனும் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்கப்பட வேண்டும் என்பதே இச்சொல்லின் கருத்து. தஞ்சைப் பெரிய கோயிலில் ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரிட்ட மரக்கால் இருந்ததும், பணமாக வைக்கப்பட்ட முதலுக்குப் ‘பொலிசை’ என்ற பெயரில் வட்டி நெல்லாக அளக்கப்பட்டதும் இதே கணக்கைச் சேர்ந்தவை. கோயில் கருவூலத்தின் இந்த நுட்பத்தைச் சிற்றூர் வீடுகள் கல்லில் எழுதிவைக்கவில்லை. ஆயினும் ஆட்டுக்குட்டியையோ கோழிக்குஞ்சையோ வளர்க்க இடமுள்ள மற்றொரு பெண்ணிடம் ‘வாரத்துக்கு’ விட்டு, பிறப்பதில் பங்கு பெறும் வழக்கம், சாவா மூவா ஆட்டின் எளிய வடிவமாகப் பிற்காலம் வரை தொடர்ந்து வந்தது.

அடுப்படியில் எதையும் வீணாக்காத முறைகள் தனி நூலுக்கு உரியவை. ஒரே தீயில் இரண்டு பாத்திரங்களைச் சூடேற்றுவதற்காக, முதன்மை அடுப்பின் கனல் ஒரு துளை வழியாகப் பக்கத்து அடுப்புக்குப் போகுமாறு மண்ணால் கட்டப்பட்ட கொடியடுப்பு, விறகுச் செலவைக் குறைக்க எழுந்த அமைப்பு. உலை கொதிப்பது பெரிய அடுப்பில். பருப்பு வேகவும் வெந்நீர் சூடாகவும் கொடியடுப்பின் மிச்சச் சூடு போதுமானதாக இருந்தது. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. வடித்த கஞ்சி குடிக்கவும் பருத்தித் துணிக்கு மொடமொடப்பு ஏற்றவும் பயன்பட்டது. இரவு மீந்த சோறு நீரூற்றி வைக்கப்பட்டு, மறுநாள் காலையில் அடுப்பு மூட்டத் தேவையில்லாத பழைய சோறாகவும் நீராகாரமாகவும் மாறியது. விலை மலிந்த காலத்தில் வாங்கிய சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கொத்தவரையும் உப்பிட்டு உலர்த்தப்பட்டு, காய் கிடைக்காத மாதங்களுக்கான வற்றலாயின. நெல்லைக் காக்க மண்ணால் ஆன குதிரும், தென்மாவட்டங்களில் குலுக்கையும், வசதியுள்ள வீடுகளில் மரப் பத்தாயமும் இருந்தன. அறுவடை முடிந்த கையோடு விலை வீழ்ந்திருக்கும்போது விற்க வேண்டிய கட்டாயமின்றி, சில மாதம் காத்திருக்கும் வலிமையைத் தந்தவை இவையே. குதிர் இல்லாத வீடு மலிந்த விலைக்கு விற்று, உயர்ந்த விலைக்கு வாங்கியது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் சிக்கனத்தைக் குணநலனாக மட்டும் போற்றுவது முறையன்று.

பிடியரிசிக்கு வீட்டுக்குள் ஒரு பயனும் வெளியே ஒரு பயனும் இருந்தன. வீட்டுக்குள் அது மாதக் கடைசியின் தட்டுப்பாட்டையும் எதிர்பாராத விருந்தினரின் வருகையையும் தாங்கியது. வெளியே அது ஊர்ப் பொதுக் காரியங்களின் முதலாயிற்று. இதற்குத் தமிழகத்தில் ஒளிமிக்க சான்று, 1923 வரை விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகரில் இருக்கிறது. அவ்வூர் நாடார் வணிகர்கள், ‘உறவின்முறை’ எனப்படும் தங்கள் சமுதாய அமைப்பின் வழியாக, வணிகத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொருவரும் செலுத்தும் ‘மகமை’ என்ற சிறு தொகையைப் பொதுநிதியாகத் திரட்டி வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் அங்கே தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு வீட்டுப் பெண்களின் பிடியரிசியும் துணை நின்றது; நாள்தோறும் விலக்கி வைக்கப்பட்ட அரிசி வீடுவீடாகத் திரட்டப்பட்டு, விற்ற தொகை பள்ளிச் செலவுக்கு ஆனது. கோயில் நுழைவு உள்ளிட்ட உரிமைகள் மறுக்கப்பட்டிருந்த ஒரு சமுதாயம், அரசின் கையை மட்டும் எதிர்பாராமல் தன் அடுப்படியிலிருந்தே ஒரு கல்விக்கூடத்தை எழுப்பியது என்பது, சிக்கனத்தின் வரலாற்றில் தனியிடம் பெற வேண்டிய செய்தி. அப்பள்ளியில் பயின்று, வறுமையால் படிப்பை இடையில் விட்ட காமராசர், முதலமைச்சரான பின் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியபோது, ஊர்மக்கள் தரும் அரிசியும் காய்கறியும் பணமும் அத்திட்டத்தின் ஆதாரமாகக் கொள்ளப்பட்டு, பிறகே அரசின் பங்கு அதனுடன் சேர்ந்தது. பிடியரிசிப் பள்ளியில் படித்தவரின் நினைவு அம்முடிவில் வேலை செய்தது என்று கருத இடமுண்டு.

இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தில் ‘பிடியரி’ என்ற பெயரில், 19ஆம் நூற்றாண்டில் குரியாக்கோசு எலியாசு சாவரா பள்ளிக் குழந்தைகளின் உணவுக்காக இதை முறைப்படுத்தினார். தொலைவிலுள்ள மிசோ மலைகளில் 1910 முதல் திருச்சபைப் பெண்கள் இதே முறையில் அரிசி திரட்டினர். காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி, நாள்தோறும் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் விலக்கி வைத்து ஏழைகளுக்கு உணவளிக்குமாறு இல்லத்தரசிகளை வேண்டினார். சமயம் எதுவாயினும் வேண்டுகோள் ஆண்களின் பணப்பையை நோக்கிச் செல்லவில்லை, பெண்களின் அரிசிப் பானையை நோக்கியே சென்றது. வீட்டில் ஒருவரையும் கேளாமல் ஒரு பெண் கொடுக்கக்கூடிய பொருளாக அது ஒன்றே இருந்தது என்பதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

கேளாமல் கொடுக்க முடிந்ததைப் போலவே, கேளாமல் சேர்க்க முடிந்ததும் ஒன்று இருந்தது. அதன் பெயர் சிறுவாடு. குடும்பச் செலவுக்கென்று தரப்பட்டதில் மிச்சம் பிடித்தும், தன் கைவேலையால் சிறிது ஈட்டியும், கணவரின் கணக்குக்குள் வராமல் ஒரு பெண் தனக்கென வைத்திருக்கும் சிறு தொகையே சிறுவாடு. வீட்டில் நெல் குத்தப்பட்ட காலத்தில் அதிலிருந்து கிடைத்த தவிடும் நொய்யும், மோர், முட்டை, வறட்டி, கொல்லையில் காய்த்த முருங்கை ஆகியவற்றின் விற்பனையும், அறுத்த வயலில் பொறுக்கிய கதிரும் இதன் ஊற்றுகள். கடுகும் சீரகமும் மிளகும் இருக்கும் அஞ்சறைப் பெட்டியிலும், பருப்பு வைக்கும் அடுக்குப் பானையின் அடியிலும், இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலும், முந்தானை முடிச்சிலும் அது இருந்தது. ஆண்கள் கை வைக்காத இடங்கள் இவை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுப்படி பெண்ணுக்கு விதிக்கப்பட்ட எல்லையாக இருந்ததனாலேயே அது அவளுடைய பெட்டகமாகவும் ஆயிற்று. சிறுவாடு காசாக நெடுநாள் இருப்பதில்லை. அது பித்தளைக் குடமாகவோ வெண்கலப் பானையாகவோ குண்டுமணித் தங்கமாகவோ மாற்றப்பட்டது. பாத்திரத்தின் கழுத்தில் பெயர் வெட்டிக்கொள்ளும் வழக்கம் விருந்துக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வருவதற்கான ஏற்பாடாக மட்டும் சொல்லப்படுகிறது. நிலத்தின் பட்டாவிலோ வீட்டின் பத்திரத்திலோ பெயர் இல்லாத ஒருத்திக்கு, தன் பெயர் பொறித்த உடைமை என்று காட்டுவதற்கு இருந்தது அந்தப் பாத்திரமே என்பதும் அதற்கு இணையான உண்மை. நோயோ பள்ளிக் கட்டணமோ வந்தபோது அடகுக் கடைக்கு முதலில் சென்றதும் அதுதான். ஒரு பெண்ணின் கைவசமுள்ள சொத்து அவளுக்கே முழு உரிமையுடையது என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் சொல்வதற்கு முன்பே, சட்டத்தின் பார்வைக்கு எட்டாமல் பெண்கள் தமக்கென அமைத்துக்கொண்ட உரிமையாகச் சிறுவாட்டைக் கொள்ளலாம். அதைக் கணவருக்குத் தெரியாமல் செய்யும் சிறு களவைப் போல நகைச்சுவையாகப் பேசிவந்தது பெரும் அநீதி.

அரிசிப் பானையே இல்லாதவர்க்கு இம்முறைகள் எதுவும் எட்டவில்லை. அன்றாடம் கிடைக்கும் நெற்கூலியை அன்றே குத்திச் சமைத்த உழைப்பாளிக் குடும்பம், உலையில் இடும் முன் ஒரு பிடியை விலக்கினால், அது ஒரு குழந்தையின் வயிற்றிலிருந்து விலக்கியதாகும். அவர்களுடைய வாழ்வில் அளவை என்பது சிக்கனத்தின் கருவியாக இல்லாமல் போராட்டத்தின் பொருளாகவே இருந்தது. தஞ்சைப் பகுதியில் கூலியைச் சற்றே உயர்த்தி அளக்கக் கோரிய உழவுத் தொழிலாளர் கிளர்ச்சியின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் கேட்ட கூடுதல் அரைப்படி நெல் என்றே அந்நிகழ்வு மக்கள் நினைவில் நிற்கிறது. சேமிப்பின் வரலாறு எழுதுவோர் அந்த அரைப்படியைத் தாண்டிச் செல்ல முடியாது.

காசுப் பழக்கம் பெருகியபோது மிச்சத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி புதிதாக எழுந்தது. சென்னையில் 1834இலேயே அரசுச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி ஏற்பட்டு, சில அணாக்களையும் ஏற்றுக்கொள்ளும் இடமாக அஞ்சல் நிலையம் மாறியது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்ற அக்கால நாணயக் கணக்கும் முகத்தல் அளவையைப் போலவே பாதி, கால், அரைக்கால் என்று வகுபடக் கூடியதாக இருந்தது. சென்னை நடுத்தர வகுப்பினர் தமக்குள் பணம் சேர்த்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் ‘நிதி’ என்ற அமைப்புகளையும் ஏற்படுத்திக்கொண்டனர். 1872இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி அவற்றுள் நெடுங்காலம் நிலைத்த ஒன்று. ஆயினும் பெருந்தொகைகள் சென்றது ஆங்கிலேய வணிக நிறுவனங்களுக்கே. 1906 அக்டோபரில் அர்பத்நாட்டு நிறுவனம் நொடித்தபோது ஓய்வூதியர், கைம்பெண்கள், கோயில்கள், சிறு அலுவலர்கள் எனப் பலருடைய வாழ்நாள் மிச்சம் மூழ்கியது. அந்த அதிர்ச்சியின் நேரடி விளைவாக, வி. கிருட்டிணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. குடும்பங்கள் மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்வது போதாது, பிடித்ததை வைக்கும் இடமும் தம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இக்காலத்தில்தான் வலுப்பெற்றது.

அர்பத்நாட்டு வீழ்ச்சிக்கு இரண்டாண்டு முன்பே, செலவைக் குறைப்பதற்கான புதிய வழி ஒன்று திருவல்லிக்கேணியில் பிறந்திருந்தது. மாகாண அரசு அலுவலரான பிரெடரிக் நிக்கல்சன், ஐரோப்பியக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஆராய்ந்து அளித்த அறிக்கை 1895 முதல் 1897 வரை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பயனாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டு, அதே ஆண்டில் திரூரில் ஊரகக் கடன் சங்கம் ஒன்று அமைந்தது. ஆனால் கடன் கொடுக்கும் சங்கத்தைவிட, கடன் வாங்கும் தேவையைக் குறைக்கும் சங்கமே நகரக் குடும்பத்துக்கு வேண்டும் என்று கருதிய ஆசிரியர்களும் எழுத்தர்களும், வி. எஸ். சீனிவாச சாத்திரியார் போன்றோர் துணையோடு, அந்த 1904இலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் 28 பேர் ஏற்படுத்திய பண்டகசாலையே அவர்களுக்கு முன்மாதிரி. சரியான எடை, கலப்படமில்லாத பொருள், கடன் இல்லாத விற்பனை, ஆண்டு முடிவில் வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கு உபரியில் பங்கு என்பன அம்முன்மாதிரியின் கொள்கைகள். மாதச் சம்பளக்காரர் மளிகைக் கடையில் ‘பற்று’ வைத்து, அதாவது நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கடனுக்கு வாங்கி, முதல் தேதியில் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கடைக்காரரிடம் கொடுத்து, இரண்டாம் தேதியிலிருந்து மீண்டும் பற்று வைக்கும் வாழ்க்கையில், விலையைக் கேட்கவும் எடையைச் சரிபார்க்கவும் துணிவு வராது. பண்டகசாலை தந்த உண்மையான மிச்சம் விலையில் மட்டுமன்று, அந்தத் துணிவிலும் இருந்தது. ஆண்டு இறுதியில் வந்த உபரிப் பங்கோ, உலையில் இடும் முன்பே சங்கம் எடுத்து வைத்த பிடியாகும்.

இரண்டாம் உலகப் போர் அளவையின் அதிகாரத்தை வீட்டிலிருந்து அரசுக்கு மாற்றியது. 1942 மார்ச்சில் ரங்கூன் சப்பானியர் வசமானதும், சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. அடுத்த ஆண்டிலிருந்து ரேஷன் வந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை அவுன்சு என்று அரசே வகுத்தபோது, பிடி எடுக்கும் இடம் சுருங்கியது. கேழ்வரகும் மரவள்ளிக் கிழங்கும் அதுவரை நுழையாத வீடுகளுக்குள் நுழைந்தன, கோதுமையை எப்படிச் சமைப்பது என்று அரிசி உண்போர் கற்றுக்கொண்டனர். 1952 சூனில் முதலமைச்சர் இராசாசி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கும் வரை ஏறக்குறைய பத்தாண்டுகள் இந்நிலை நீடித்தது. பின்னர் 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசாவாகி அணா மறைந்தது. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து படியின் இடத்துக்கு லிட்டரும் கிலோவும் வந்தன. ஆனால் சட்டம் நீக்கியதை நாக்கு நீக்கவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே. கிலோவில் சொல்லியிருந்தால் அது அடுப்படியை எட்டியிருக்காது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று விற்பனை தொடங்கியது. அதன் நீண்ட தொடர்ச்சியாக, 2011 சூன் முதல் அரிசி அட்டைதாரர்க்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்தது. குடும்பச் செலவில் அரிசிக்கு இருந்த தலைமையிடம் அதோடு போய், கல்வி, மருத்துவம், வாடகை ஆகியவை அவ்விடத்தைப் பிடித்தன. அரிசியைப் போல இவற்றை ஆழாக்காகவும் உழக்காகவும் வகுக்க முடியாது, மொத்தமாகவே கேட்கப்படுகின்றன.

மொத்தமாகக் கேட்கப்படும் செலவுக்குச் சிறிது சிறிதாக வழி தேடியதன் விடைதான் சீட்டு. இருபது பேர் மாதம் 500 ரூபாய் வீதம் இருபது மாதம் செலுத்தும் சீட்டில் ஒவ்வொரு மாதமும் 10,000 ரூபாய் திரளும். பெயர்களைச் சுருட்டிக் குலுக்கி எடுப்பது குலுக்கல் சீட்டு. அவசரத் தேவை உள்ளவர் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்வது ஏலச் சீட்டு. ஒருவர் 2,500 ரூபாய் தள்ளி 7,500 ரூபாயைப் பெற்றுக்கொண்டால், சீட்டு நடத்துபவருக்கு உரிய 500 ரூபாய் போக, எஞ்சிய 2,000 ரூபாய் இருபது பேருக்கும் தலா 100 ரூபாய் கழிவாகும். ஆகவே அம்மாதம் ஒவ்வொருவரும் 400 ரூபாய் கட்டினால் போதும். முதலில் எடுத்தவருக்கு இது கடன், கடைசியில் எடுப்பவருக்கு இது சேமிப்பு. இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டிய இவ்வமைப்பு, கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே தெருவில் ஒருவரையொருவர் அறிந்து வாழ்வதால் மட்டுமே நிற்கக்கூடியது. பெண்கள் நடத்திய சீட்டுகள் பல வகைப்பட்டன: பாத்திரச் சீட்டு, நகைச் சீட்டு, பலகாரத்துக்கும் பட்டாசுக்கும் வாரந்தோறும் கட்டும் தீபாவளிச் சீட்டு. செலவுக்கு முன்பே விலக்க வேண்டும் என்ற பிடியரிசியின் விதி இங்கே தேதி குறித்த கட்டாயமாக மாறியது. தன்னிடமே இருந்தால் கரைந்துவிடும் காசை, கேட்டாலும் திரும்பித் தராத ஒருவரிடம் கட்டிவைப்பதே சீட்டின் பாதுகாப்பு. அதே காரணத்தால் அதன் ஆபத்தும் பெரிது. நடத்துபவர் ஓடிவிட்டால் தெருவே இழக்கும். தமிழ்நாடு 1961இல் சீட்டுச் சட்டம் இயற்றியது. 1978இல் பரிசுச் சீட்டுகள் தடை செய்யப்பட்டன. 1982இல் நாடு முழுமைக்குமான சீட்டு நிதிச் சட்டம் வந்தது. நிதி நிறுவனங்கள் பல சரிந்த 1990களின் துயரத்தை ஒட்டி, 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டத்தை மாநிலம் இயற்றியது. பதிவு செய்யாத தெருச் சீட்டைச் சட்டங்கள் ஒழிக்கவில்லை. ஒழிக்க முடியாததற்குக் காரணம், நூறு ரூபாயை வாங்க எந்த வங்கியும் வாசலுக்கு வருவதில்லை என்பதே.

வாசலுக்கே வந்த வங்கியாக அமைந்தவை மகளிர் சுய உதவிக் குழுக்கள். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய திட்டமும், குழுக்களை வங்கிகளோடு இணைக்க நபார்டு 1992இல் செய்த முயற்சியும் இதற்கு அடித்தளமிட்டன. மதுரை வட்டாரத்தில் வளர்ந்த குழுக்கள் தம் இயக்கத்துக்குச் சூட்டிய பெயர் ‘களஞ்சியம்’, அதாவது தானியம் சேர்க்கும் இடம். பணத்தைக் கையாளும் அமைப்புக்குத் தானியக் கிடங்கின் பெயரை அப்பெண்கள் ஏற்றது எத்துணைப் பொருத்தம்! அவ்வியக்கத்தை வளர்த்த உழவுக் கூலித் தொழிலாளியான புல்லுச்சேரி சின்னப்பிள்ளை, பெண் ஆற்றலுக்கான மைய அரசின் விருதைப் பெற்ற மேடையில், பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் அவருக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது. குழுவின் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் நேரே அவளுடைய தொகை எழுதப்பட்டபோது, பாத்திரத்தின் கழுத்தில் வெட்டிய பெயர் முதன்முறையாக ஏட்டில் ஏறியது.

ஆயினும் ஏட்டில் ஏறாத சிறுவாடு தொடர்ந்து இருந்துகொண்டுதான் இருந்தது. 2016 நவம்பர் 8 இரவில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பருப்பு டப்பாவிலும் ஆண்டுக்கணக்கில் இருந்த தாள்களை வெளியே எடுத்து, கணவரிடமோ மகனிடமோ கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டிய நிலை பெண்களுக்கு ஏற்பட்டது. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான இல்லத்தரசிகளின் வைப்புகள் குறித்துக் கேள்வி எழாது என்று அரசு உறுதி கூறியது. ஆனால் அவர்கள் அஞ்சியது வருமான வரித்துறையின் கேள்வியை அன்று, வீட்டுக் கூடத்தில் எழும் கேள்வியை. எவ்வளவு, எப்போதிலிருந்து, எதற்காக என்று கேட்கப்பட்ட அந்த வாரங்களில், பல வீடுகளில் ஒரு பெண்ணின் மறைவான இருப்பு குடும்பத்தின் பொதுக் கணக்கில் கரைந்து போயிற்று. தவணைச் சீட்டாகவும், வாரத்துக்கு விட்ட ஆடாகவும், பெயர் வெட்டிய பித்தளைக் குடமாகவும், பொட்டுத் தங்கமாகவும் இருந்த சிறுவாடு மட்டும் வங்கி வாசலின் வரிசையில் நிற்காமல் தப்பியது.